தெப்பத்துக்குக் கரண்டு கொடுத்த கதை

மூன்றாவது தடவையும் தெப்பத்து விளக்குகள் ஒரு கண் சிமிட்டிவிட்டு அணைந்தன.

குளத்தைச் சுற்றி நின்ற கூட்டம் மொத்தமும் ‘ச்சே’ என்றது. தெப்பத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னது. நான் கரையில், ஒரு தகரப் பெட்டிக்குப் பக்கத்தில், பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு நின்றிருந்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள்ளே இருந்த ட்ரிப்பர், கரண்டு கசிந்தால் தானே அறுத்துவிடும் சுவிட்சு, வெடுக்கென்று கீழே விழுந்து கிடந்தது.

“ஏ மருமகளே, அந்த டப்பாவக் கழட்டி எறிஞ்சிட்டு நேராக் குடு தாயி. நல்ல நேரம் போகுது” என்றார் முத்துராமு மாமா. கோயில் கமிட்டிக்குத் தலைவர். என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறை.

தெப்பம் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போய் நின்றிருந்தது. அதன் இரும்புச் சட்டத்தைப் பிடித்தபடி ஐந்து ஆண்கள் நெஞ்சளவு தண்ணீரில் நின்றார்கள். தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு போவது அவர்கள் வேலை. அதில் ஒருவர் என் கொழுந்தன் சேது. மேலே அம்மன், பூசாரி, பேட்டரியில் ஓடும் ஒரு ஆம்ப்ளிஃபயர், அதற்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் பாண்டி.

நேராகக் கொடுத்தால் விளக்கு எரியும். அந்த ஐந்து பேரும் உயிரோடு கரையேறுவார்களா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. ட்ரிப்பர் சும்மா விழாது. எங்கேயோ கரண்டு போகக் கூடாத வழியில் போகிறது என்றால்தான் விழும். இதை நான் காலையிலிருந்து அத்தனை பேரிடமும் சொல்லியிருந்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

டிராக்டரில் வந்த அம்மன்

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பக்கம் எங்கள் ஊர். இங்கே தெப்பக்குளம் உண்டு, தெப்பத் திருவிழாவும் உண்டு. தண்ணீர் மட்டும் கிடையாது.

நான் மல்லாங்கிணற்றில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த முதல் மாசியில், மாமியார் தெப்பம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். குளத்துக்குள்ளே ஒரு டிராக்டர் நின்றது. அதன் டிரெய்லரில் மூங்கில் கட்டி, பட்டுத்துணி சுற்றி, அம்மனை வைத்திருந்தார்கள். டிராக்டர் உறுமிக்கொண்டு காய்ந்த குளத்துக்குள்ளேயே மூன்று சுற்றுச் சுற்றியது. பின்னால் நடந்த நாங்கள் எல்லோரும் புழுதியும் டீசல் புகையும் குடித்தோம்.

“அத்தே, தண்ணி எங்க?” என்று கேட்டேன்.

“அடுத்த வருசம் வரும்” என்றார். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னார்.

இந்த டிராக்டர் தெப்பத்துக்கு விளக்கும் மைக்கும் என் வீட்டுக்காரர்தான். டிராக்டர் பேட்டரியிலிருந்தே எல்லாம் ஓடும். அதற்கு ஒரு சுருக்கு வழி இருக்கிறது. விளக்குக்கு ஒரே ஒரு ஒயர் இழுத்தால் போதும். விளக்கின் இன்னொரு முனையை டிரெய்லர் இரும்பில் எங்கேயாவது முறுக்கிவிட்டால், வண்டியின் உடம்பே இன்னொரு ஒயராக வேலை செய்யும். ‘பாடியில கொடுக்கிறது’ என்பார்கள். பேட்டரிக்கு அது சரிதான். எல்லா வண்டியிலும் அப்படித்தான். யாருக்கும் ஒன்றும் ஆகாது.

அந்தச் சுருக்கு வழியிலேயே அவர் கை பழகிவிட்டது. அதுதான் பின்னால் வினையானது.

லேசா

நான் வேலை பார்ப்பது நூல் மில்லில், எலக்ட்ரிக்கல் செக்‌ஷனில். பாலிடெக்னிக் படித்துவிட்டுச் சேர்ந்தவள். மில்லில் மோட்டார் எரிந்த அன்று மேலதிகாரியோடு நான் போட்ட சண்டையை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். ஆனால் மில்லில் நான் போட்ட சண்டையெல்லாம் வீட்டில் போட்டதற்கு உறை போடக் காணாது.

எங்கள் வீட்டில் மிக்ஸியைத் தொட்டால் கரண்டு இழுக்கும். ஃபிரிட்ஜைத் தொட்டால் இழுக்கும். என்னவென்று கேட்டால், “லேசாத்தான இழுக்குது” என்பார் வீட்டுக்காரர். அவர் பிளக் வாங்கவே மாட்டார். இரண்டு ஒயரையும் சுவரில் இருக்கும் ஓட்டையில் சொருகி, விழாமல் இருக்கத் தீக்குச்சியைத் திணிப்பார். ஊரே அப்படித்தான் செய்கிறது, நான் மட்டும் என்ன தனியா என்பார்.

அந்த ‘லேசா’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உச்சி மயிர் நட்டுக்கொள்ளும். மில்லில் ஒரு முறை ‘லேசா’ இழுத்த மெஷினைத் தொட்டவர் ஆறு மாதம் இடது கையைத் தூக்க முடியாமல் கிடந்தார். அதையும் சொல்லிப் பார்த்தேன். “அது மில்லு கரண்டு” என்றார். வீட்டுக்கு வருவது வேறு ஏதோ சாதுவான கரண்டு என்று நினைப்பு.

தண்ணீர் வந்தது

பிறகு ஒரு ஐப்பசியில் மழை பிடித்தது. விட்டு விட்டு அல்ல, கொட்டியது. ரோடு அறுத்துக்கொண்டு போய், மில் பஸ்ஸு சுற்றிக்கொண்டு வந்தது. கண்மாய் நிறைந்து கால்வாயில் வழிந்து, தெப்பக்குளம் படி தெரியாமல் நின்றது. காலையில் எழுந்து அந்தத் தண்ணீரைப் பார்க்கவே ஆட்கள் போய் நின்றார்கள். நானும்தான் போய் நின்றேன்.

மாசி நெருங்கி, தண்ணீர் நெஞ்சளவுக்கு இறங்கியதும் கமிட்டி கூடியது. இந்தத் தடவை நிஜத் தெப்பம். பிளாஸ்டிக் பீப்பாய்களை அடுக்கி, மேலே ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்து, பலகை போட்டார்கள். எல்லாம் சரி. டிராக்டர் தண்ணீருக்குள் வராதே, விளக்குக்கு என்ன வழி?

“கரையில இருந்து ஒயர் இழுத்துக்கிருவோம்” என்றார் முத்துராமு மாமா. என் வீட்டுக்காரர் உள்ளே போய் ஒரு ஒயர்ச் சுருளைக் கொண்டுவந்து போட்டார். முழத்துக்கு ஒரு ஒட்டு. ஒட்டின் மேலே டேப். டேப் பிய்ந்த இடத்தில் கேரி பேக்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“இதத் தண்ணிக்குள்ள போடப் போறீகளா?”

“இத்தன வருசமா இதுலதான ஓடுச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே.”

“இத்தன வருசமாக் கொளத்துல தண்ணி எங்க இருந்துச்சு?”

நான் முதலில் சொன்னது சுலபமான வழி. தெப்பத்தில் இரண்டு பேட்டரியை வைத்து, டிராக்டரில் எரிந்த அதே சின்ன விளக்குகளைக் கட்டுங்கள், கரையிலிருந்து கரண்டே வேண்டாம் என்றேன். முத்துராமு மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. “தண்ணி வந்த வருசத்துல அம்மன் மினுக் மினுக்குன்னு வரணுமாக்கும்? சீரியல் செட்டு, தோரணம், எல்லாம் கட்டணும். சுத்துப்பட்டியில இருந்து சனம் வருது.”

சரி, கட்டித் தொலையுங்கள், ஆனால் நான் சொல்கிறபடி என்றேன்.

காவலுக்கு ஒரு கம்பி

முதல் வேலை, ஒட்டே இல்லாத ஒரே நீளக் கேபிள். அதற்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. வற்றிப்போன போர் கிணறு ஒவ்வொன்றிலும் மோட்டாரோடு தண்ணீருக்குள் கிடந்த கேபிள் இருக்கிறது. சேது போர் மோட்டாரை ஏற்றி இறக்குகிறவர், கரண்டு பக்கம் போகாதவர். நல்லதாக ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து, “மதினி, இது எண்ணூறு அடிக்குக் கீழ கெடந்த சாமான். இந்தக் கொளம் இதுக்கு முழங்காலு” என்றார். அந்த வீட்டில் என் பேச்சைக் கேட்ட ஒரே ஆள்.

அதைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டினோம். தெப்பம் நகரும்போது இழுப்பு கயிற்றில் விழ வேண்டும், கேபிளில் விழக் கூடாது. கரையில் ஒரு பெட்டி, அதில் ஃபியூஸ், மெயின் சுவிட்சு, ட்ரிப்பர். பக்கத்தில் எர்த் கம்பி அடித்தேன். மற்ற வருஷமாக இருந்தால் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த ஈரத்தில் கம்பி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. தெப்பத்தின் மேல் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் இன்னொரு பெட்டி, அதற்குத் தனிச் சுவிட்சு.

கேபிளில் மூன்று கம்பி. இரண்டு கம்பி வேலை செய்யும், ஒன்றில் போகும் கரண்டு மற்றதில் திரும்ப வேண்டும். மூன்றாவது காவல் கம்பி. அதைத் தெப்பத்தின் இரும்புச் சட்டத்தோடு இறுக்கி, மறு முனையைக் கரையில் எர்த்தோடு சேர்த்தேன். போன கரண்டு போன அளவுக்குத் திரும்பி வராவிட்டால், வேறு எந்த வழியிலாவது கசிந்தால், ட்ரிப்பர் அந்த நொடியே விழுந்துவிடும். திருவிழாவன்று காலையில் எல்லா விளக்கையும் போட்டுப் பார்த்தேன். ஜோராக எரிந்தது. ட்ரிப்பரில் சோதிக்கிற பொத்தானை அழுத்தினேன். டக்கென்று விழுந்தது.

அந்தப் பொத்தான் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. முத்துராமு மாமா ஒரு தரம் அழுத்தினார். பூசாரி அழுத்தினார். பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் முறை வைத்து வந்து அழுத்தினார்கள். “போதும், இது என்ன கோயில் மணியா?” என்று விரட்டிவிட்டு, குளித்துச் சேலை மாற்ற வீட்டுக்குப் போனேன். போயிருக்கவே கூடாது.

ஒரே ஒயர்

இப்போது மறுபடி கரைக்கு வருவோம். மூன்றாவது தடவையும் விளக்கு அணைந்து, ஊர் என்னைப் பார்த்து ‘ச்சே’ சொல்லியாயிற்று.

கரைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நான் வைத்தது வைத்தபடி இருந்தது. அப்படியானால் கோளாறு தெப்பத்தில்.

“ஏங்க, காலையில நான் போனதுக்குப் பெறகு எதையாச்சும் மாத்துனீகளா?” என்று கத்தினேன்.

“ஒண்ணும் மாத்தலையே” என்றார் வீட்டுக்காரர், மைக்கிலேயே. நாலு திசைக்கும் கேட்டது.

இன்னொரு தரம் போட்டேன். விளக்கு சிமிட்டியது, விழுந்தது. அந்தச் சிமிட்டலில்தான் அதைப் பார்த்தேன். அம்மன் தலைக்கு மேலே, காலையில் இல்லாத ஒரு பெரிய பலகை. ‘உபயம்’ என்று போட்டு, முத்துராமு மாமாவின் பெயரும், கீழே பொடியாக அவர் பிள்ளைகள் பெயரும். அதன் மேல் வெளிச்சம் அடிக்க இரண்டு பக்கமும் இரண்டு பெரிய ஃபோக்கஸ் லைட்டு.

“அந்தப் போர்டுக்கு எப்படிக் குடுத்தீக?”

“அது லேசான வேலை. ஒரே ஒயருதான்.”

ஒரே ஒயர். ஒரே ஒயர் என்றால் இன்னொன்று எங்கே? பாடியில். பாடி என்றால் அந்த இரும்புச் சட்டம். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் ஐந்து பேர். பலகையின் கரண்டு முழுவதும் திரும்பி வருவதற்கு என் புருஷன் போட்டுக்கொடுத்திருந்த பாதை அது.

“டப்பா கெட்டுப்போச்சுப்பா. யாராச்சும் போயி நேரா முறுக்கிவிடுங்க” என்று முத்துராமு மாமா ஆள் ஏவினார். ஒருவர் பல்லால் ஒயரைச் சீவிக்கொண்டே பெட்டியை நோக்கி வந்தார். நான் ஃபியூஸைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

“மாமா, தெப்பத்தக் கரைக்கு இழுக்கச் சொல்லுங்க. ரெண்டு நிமிசத்துல சரி பண்ணித் தாரேன்.”

“அவுத்த தெப்பம் சுத்து முடியாமக் கரை அணையக் கூடாது. ஊருக்கு ஆகாது. ஒனக்குத் தெரியாதா?”

தெரியும். டிராக்டர் காலத்திலும் அந்த வழக்கம் உண்டு. ஒரு வருஷம் நடுவில் டயர் பஞ்சர் ஆனபோதுகூட, பின்னால் எடுக்காமல் அங்கேயே வைத்துப் பஞ்சர் ஒட்டினார்கள்.

தெப்பம் வராது. ஃபியூஸும் வராது. வேறு வழியில்லாமல் நானே படியிறங்கினேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் பக்கத்தில் யாருக்குத் தெரியும்? கேபிள் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சேறு கணுக்காலைப் பிடித்து இழுத்தது. பட்டுச்சேலை ஈரத்தில் ஆட்டுக்கல் கனம் கனத்தது. கரையில் சிரித்தவர்கள் சிரித்தார்கள். “மதினி, அடியில கருவேலங்கட்டை கெடக்கும், பாத்து வாங்க” என்று சேது கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துத்தான் மேலே ஏறினேன்.

வீட்டுக்காரர் மைக்கை அணைத்துவிட்டுக் கிசுகிசுத்தார். “சனம் பாக்குது. எதுக்கு இப்பிடி மானத்த வாங்குற?”

“ஸ்க்ரூ டிரைவரக் குடுங்க.”

நினைத்தது சரியாக இருந்தது. ஃபோக்கஸ் லைட்டின் ஒரு ஒயர் பெட்டிக்குள் போனது. இன்னொன்றைச் சட்டத்தின் போல்ட்டில் அழகாக முறுக்கி, மேலே செல்லோ டேப்பும் ஒட்டியிருந்தார்.

“இத எதுக்கு இரும்புல முறுக்குனீக?”

“ஒயரு எட்டல. டிராக்டர்ல அப்பிடித்தான குடுப்போம்.”

“இது டிராக்டரா?”

அவர் பலகையைப் பார்த்தார், பீப்பாயைப் பார்த்தார், சுற்றியிருந்த தண்ணீரைப் பார்த்தார். “இல்ல” என்றார். இருபது வருஷப் பழக்கம் அந்த ஒரு சொல்லில்தான் முதல் தடவையாகத் தடுக்கியது.

ஃபோக்கஸ் லைட்டை இரண்டு பக்கமும் கழற்றிக் கையில் கொடுத்தேன். வந்த வழியே திரும்பி நடந்து, கரையேறி, கையையும் ஃபியூஸையும் நன்றாகத் துடைத்து, அதைச் செருகி, ட்ரிப்பரைத் தூக்கிவிட்டேன். நின்றது. தோரணம், சீரியல் செட்டு எல்லாம் எரிந்து, தண்ணீருக்குள்ளும் இன்னொரு தெப்பம் எரிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். பலகை மட்டும் இருட்டில் கிடந்தது. மூன்று சுற்று முடியும் வரைக்கும் முத்துராமு மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

மீன்

திருவிழா நல்லபடியாக முடிந்ததற்கு அம்மன் காரணம் என்றார்கள். விளக்கு அணைந்து அணைந்து எரிந்ததற்கு நான் காரணம் என்றார்கள். “அடுத்த தடவ ட்ரிப் ஆகாத கம்பெனியாப் பாத்து வாங்கு” என்று ஒருவர் எனக்கு அறிவுரையே சொன்னார். வீடு வரும் வரைக்கும் வீட்டுக்காரரும் அதே பாட்டுத்தான். பெரியப்பாவின் முகத்தில் எப்படி முழிப்பது, ஒரு போர்டுதானே, லேசா ஒரு சுத்து எரிந்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்?

நான் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். சண்டை போடக்கூடத் தெம்பில்லை. சேது ஈர வேட்டியோடு வந்து வாசலில் உட்கார்ந்தார். மாமியார் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் காப்பி கொடுத்தார்.

“கொளத்துல இப்பிடி மீனு விழுந்து கெடக்குமுன்னு நெனைக்கவே இல்ல மதினி” என்றார் சேது.

“மீனா?”

“ஆமா. தெப்பத்த அவுத்ததும் கடிக்க ஆரம்பிச்சிருச்சு. சுருக்குன்னு ஒரு கடி. கையி ரெண்டும் வெடுக்குன்னு இழுத்துக்கிருச்சு. கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், பெறகு மறுபடி ஒரு கடி. நாலு தடவ. எனக்கு மட்டுமில்ல, அஞ்சு பேருக்குந்தேன். கெளுத்தியா இருக்குமுன்னு பேசிக்கிட்டோம். நீங்க தண்ணியில எறங்குன பெறகு ஒண்ணையுங் காணோம்.”

நாலு தடவை. நான் சுவிட்சைப் போட்ட நாலு தடவை. நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று பழக்கமில்லாதவர்கள். மீன் கடித்தால் எப்படி இருக்கும் என்று அந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் ட்ரிப்பர் விழுந்ததால் அது கடியோடு போயிற்று. நேராகக் கொடுத்திருந்தால் அந்தக் கைகள் சட்டத்தை விட்டிருக்காது.

எனக்கு வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் போல இருந்தது. திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன், திட்ட முடியவில்லை. அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய், சேதுவுக்குக் காய்ந்த துண்டு ஒன்று எடுத்து வந்து தோளில் போட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறு வருஷம் மழை இல்லை. குளம் காய்ந்து, பழையபடி டிராக்டர் வந்தது. மில் விட்டு வந்து எட்டிப் பார்த்தேன். டிரெய்லரில் வீட்டுக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டிரண்டு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். பேட்டரிக்கு அது தேவையே இல்லை. வெட்டி வேலை. சொல்லலாமா என்று வாயெடுத்தேன், விட்டுவிட்டேன்.

முத்துராமு மாமாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏலே பாண்டி, பாடியில குடுத்துட்டு எறங்குவியா, எதுக்குடா ரெண்டு ரெண்டு ஒயரு?”

வீட்டுக்காரர் வாயில் கவ்வியிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

“மீனு கடிக்கும், பெரியப்பா.”